துடுப்பாயி தீக்குளிக்கவில்லை

மரக்கலநம்பி என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். 'வெண்சங்கு' வாரப் பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதைகள் எழுதினார். தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் ஓர் ஓட்டு வீட்டில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே எழுதுவாராம். நரைத்த மீசையாம். செப்பேடு, கல்வெட்டு எல்லாம் தண்ணீர் பட்ட பாடாம். வாசகர்கள் இப்படிப் பேசிக்கொண்டார்கள். எல்லாம் சுத்தப் பொய். மரக்கலநம்பி நான்தான். என் பெயர் ஞானபாக்கியம். ராயபுரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். மீசை கிடையாது.

இதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. ஆனாலும் யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும், அதனால் சொல்கிறேன்.

அம்மன் கதை எழுதுகிறவள் என்று தெரிந்தால் பள்ளியில் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் புனைபெயர். பத்திரிகை ஆசிரியர் ஆறுமுகநயினார் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தண்டையார்பேட்டையில் புளி மண்டி வைத்திருந்தார். மண்டியின் பின்கட்டில் ஒரு பழைய அச்சு மிஷினை வாங்கிப் போட்டுப் பத்திரிகை தொடங்கினார். 'வெண்சங்கை'ப் பிரித்தால் புளி வாசனை அடிக்கும். அவருக்குக் கதையும் புளியும் ஒன்றுதான். கொட்டை இருக்கக்கூடாது, நார் இருக்கக்கூடாது, நாக்கில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வரவேண்டும்.

துடுப்பாயியின் கதையை எனக்குச் சொன்னவள் நீலா. மீன்காரி. காத்திவாக்கத்துக்கு வடக்கே, கழிமுகத்தை ஒட்டிய ஒரு சின்னக் குப்பத்திலிருந்து காலை ரயிலில் கூடையோடு வந்து ராயபுரத்தில் இறங்குவாள். எங்கள் தெருவுக்கு வரும்போது கூடை பாதி காலியாகியிருக்கும். வாசலில் குந்திக்கொண்டு ஒரு டம்ளர் காப்பித் தண்ணீர் கேட்பாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். வாய் ஓயாது. ஒருநாள், டிராம் நின்றுபோன வருஷம் என்று நினைவு, தங்கள் குப்பத்து அம்மனைப் பற்றிச் சொன்னாள்.

"ராஜா காலத்துல, டீச்சரம்மா, கப்பல் வலிக்கிறதுக்கு எங்க ஆம்பளைங்கள இஸ்துகினு பூட்டாங்கோ. துடுப்பாயி புருசனும் பூட்டான். வர்ல. இவ மூணு ஆடி பாத்தா. அப்பால, அவன் வெச்சிட்டுப் போன துடுப்ப எடுத்துகினு கட்டுமரத்துல ஏறிட்டா. மறுக்கா ராஜா ஆளு வந்து, இன்னும் ஆளு குடுன்னு கேட்டான். துடுப்பால உட்டா மண்டையில ஒண்ணு. ஓடியே பூட்டான். அப்பால அங்க வல பின்றவன் ஒருத்தன் இருந்தான். அவங்கிட்ட துடுப்ப நீட்டினா. வாங்கிக்கினான். நாலு புள்ள பொறந்துச்சு. அந்த நாலு புள்ளைங்க வம்சம்தான் எங்க குப்பம் மொத்தமும்."

"கலியாணம் யாரு பண்ணி வச்சா?"

"இன்னா கலியாணம்? துடுப்ப வாங்கிக்கினா முடிஞ்சுச்சு. இன்னிக்கும் எங்கள்ள அப்படித்தான். கடலு துன்னுட்ட ஆளோட பொஞ்சாதி, ஒரு வருசம் போனா, அம்மன் கல்லுக்கு முன்னால நின்னு புருசன் துடுப்ப யாருக்கு நீட்றாளோ, அவன் வாங்கிக்கினா வூட்டுக்கு இட்டுகினு போவ வேண்டிதான்."

கல்லைப் போய்ப் பார்த்தேன். இடுப்பளவு உயரம். உப்புக் காற்றில் மூக்கும் முகமும் தேய்ந்துபோன ஒரு பெண். தடித்த இடுப்பு, விரித்து ஊன்றிய கால், வலது கையில் தோளுக்கு மேல் தூக்கிய துடுப்பு. எத்தனை நூறு வருஷத்துக் கல்லோ தெரியவில்லை. எண்ணெய் வழிய, கருவாடு காயப்போடும் மணலுக்கு நடுவில் நின்றாள். என் ஆயுளில் அப்படி ஒரு பொம்பளையை நான் சிலையாகப் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் உண்மையானது. அதை மட்டும் நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

தொடர் ஆரம்பித்தது. ஐந்தாறு வாரத்தில் கடிதங்கள் மூட்டையாக வந்தன. அந்தக் கடிதங்களை ஆறுமுகநயினார் ஒரு புளிச்சாக்கில் போட்டு என் வீட்டுக்கு அனுப்புவார். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிப்பேன். என்னை யாரும் அதுவரை புகழ்ந்ததில்லை. நாற்பது வயதை நெருங்கும் கலியாணமாகாத டீச்சரை எவன் புகழப்போகிறான்? மரக்கலநம்பியைப் புகழ்ந்தார்கள். எனக்கு வெறி பிடித்துவிட்டது.

பதினைந்தாம் வாரம் ஆறுமுகநயினார் கூப்பிட்டனுப்பினார். புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கதை இனி எப்படிப் போகும் என்று கேட்டார். சொன்னேன். வலை பின்னுகிறவனிடம் துடுப்பைக் கொடுக்கிறாள் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"மறுகலியாணமா? டீச்சர், நல்ல குடும்பத்துப் பொம்பளையாளுக படிக்காங்க. எங்க வீட்டு ஆச்சி படிக்கா."

"நடந்தது அதுதான் அண்ணாச்சி. அந்தச் சனங்க அப்படித்தான் சொல்லுதாங்க."

"மீன் பிடிக்கவனுக்கு என்ன தெரியும்? சோழ நாட்டுப் பத்தினி இன்னொருத்தனுக்குப் பாய் விரிப்பாளா? தீ மூட்டுங்க டீச்சர். புருசன் வரமாட்டான்னு தெரிஞ்சதும் சிரிச்சிக்கிட்டே உள்ள இறங்கணும். சனம் அழணும்லா?"

"சனம் அழுறதுக்கா நான் எழுதுதேன்?"

"பின்ன எதுக்கு எழுதுதீங்க?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கடிதம் வராமல் நின்றுவிடுமே என்ற பயம்தான் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து துடுப்பாயியின் இடுப்பு மெலிந்தது, கால்கள் ஒடுங்கின, கண்கள் எப்போதும் நிலம் பார்த்தன. படம் போடுகிறவர் அவளுக்கு வைர மூக்குத்தியும் மெல்லிய வெள்ளைப் பட்டும் மாட்டிவிட்டார்.

அந்த ஐப்பசியில் நீலாவின் புருஷன் கடலில் போனான். நான்கு நாள் புயல். கட்டுமரத்தின் ஒரு மரம் மட்டும் பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. துக்கம் கேட்கப் போனேன். நீலா மணலில் உட்கார்ந்திருந்தாள். தலைவிரிகோலம் என்று எழுதுகிறோமே, அதெல்லாம் இல்லை. தலையை யாரோ வாரிவிட்டிருந்தார்கள். ஒரு கை மணலை அள்ளி அள்ளி இன்னொரு கையில் போட்டுக்கொண்டே இருந்தது. அவள் மாமியார் முத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சோறு ஊட்டப் பார்த்தாள். "நீ துன்னுடி, நீ துன்னாத்தான் நானும் துன்னுவேன்," என்று மகனைப் பறிகொடுத்தவள் மருமகளுக்குச் சொன்னாள். பெற்ற பெண்ணுக்கு இப்படி ஊட்டியவர்களைக்கூட நான் அதிகம் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்து நான் என்ன செய்தேன்? எழுதினேன். மணலை அள்ளி அள்ளிப் போட்ட கையை அப்படியே எடுத்துத் துடுப்பாயிக்கு வைத்தேன். அடுத்த அத்தியாயத்தில் அவளைத் தீயில் இறக்கினேன். என் சிநேகிதியின் வயிறு எரிந்த நெருப்பை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். எழுதும்போது எனக்கு அழுகை வேறு வந்தது. நன்றாக எழுதுகிறோம் என்ற அழுகை. தூ.

அதோடும் விடவில்லை. அவள் எரிந்துவிட்டால் குப்பத்துக்கு வம்சம் எங்கிருந்து வரும் என்று ஆறுமுகநயினார் கேட்டார். அதற்கும் வழி கண்டுபிடித்தேன். முப்பத்தோராம் வாரம், அவள் சாம்பலை அலை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் நாலு குழந்தைகளைக் கரையில் ஒதுக்கியது என்று எழுதினேன். பாய் இல்லை, புருஷன் இல்லை, ரத்தம் இல்லை, மீன் வாடை இல்லை. சுத்தபத்தமான நாலு குழந்தைகள். அந்த வாரப் பத்திரிகை இரண்டு தடவை அச்சானது.

தொடர் முடிந்தது, புத்தகம் வந்தது, நாடகமும் வந்தது. நாடகத்தில் தீக்குளிக்கும் காட்சிக்கு மத்தாப்புக் கொளுத்தினார்கள், பெண்கள் மயங்கி விழுந்தார்கள். பாரிமுனையிலிருந்து குடும்பம் குடும்பமாக பஸ்ஸிலும் காரிலும் குப்பத்துக்குப் போய்க் கல்லைக் கும்பிட ஆரம்பித்தார்கள். நாடகம் வந்து எட்டு மாதம் கழித்து நானும் போனேன். அந்தக் கல்லை அடையாளமே தெரியவில்லை. எண்ணெய்க் கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு முகத்துக்கு மஞ்சள், உதட்டுக்குச் சிவப்பு. கையிலிருந்த துடுப்பின் அகலமான நுனிக்கு ஆரஞ்சு வண்ணம் பூசி, கறுப்புக் கோட்டால் நாக்கு நாக்காக வரைந்து, அதைத் தீக்கொழுந்து ஆக்கியிருந்தார்கள். விரித்து ஊன்றிய காலை மறைக்க ஒரு பட்டுப்பாவாடை சுற்றியிருந்தது. கருவாடு காயப்போடுகிற இடத்தை ஐம்பது கஜம் தள்ளி மாற்றிவிட்டார்கள். வருகிறவர்களுக்கு நாற்றம் அடிக்கக்கூடாதாம்.

நாட்டாமை சுப்புராயனுக்கு வாயெல்லாம் பல். அவரை நான் முழுக்கக் குற்றம் சொல்லமாட்டேன். "குப்பத்து ஆளுன்னு மூக்கப் புடிச்சிகினு போனவங்கோ, டீச்சரம்மா, இப்ப செருப்பக் கயட்டிட்டு உள்ள வராங்கோ," என்றார். மனிதர் அறுபது வருஷம் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார். அவரிடம் என்ன பேசுவது?

ஆனால் நீலாவை அவர்கள் என்ன செய்திருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சில மாதமாக அவள் மீன் கொண்டுவரவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மறு வாரம் கூடை இல்லாமல் என் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைப் புடவை. அவர்கள் சனத்தில் யாரும் வெள்ளை கட்டி நான் பார்த்ததே கிடையாது. என் தொடரில் துடுப்பாயி கட்டியிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா இது?" என்று புடவையை இழுத்துக் காட்டினாள். "மீன தொடக்கூடாதாம். அம்மன் மாதிரி புருசன கடல்ல வுட்டவளாம் நானு. வர ஆடிக்கு தீச்சட்டி தூக்கணுமாம், வருசா வருசம். கார்ல வரவங்கோ என் கால்ல வியுந்து கும்பிடறாங்கோ. கலீஜா கீது எனக்கு."

"நீ முடியாதுன்னு சொல்லலியா?"

"சொன்னேன். வருசம் முடிஞ்சு போச்சு, ராமதாஸுக்கு துடுப்பு நீட்டப் போறேன்னேன். கொன்னுடுவேன்றாரு நாட்டாம. அப்படி ஒரு வயக்கமே நம்மள்ள இல்லன்றாரு. அவரு பெரியாத்தாளே ரெண்டாம் துடுப்பு நீட்டுனவதான், தெரியுமா?"

ராமதாஸ் அவள் புருஷனோடு ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவன். புயல் வந்த அன்று காய்ச்சலில் கிடந்ததால் தப்பித்தவன். அதிகம் பேசமாட்டான். தினமும் முத்தம்மாவின் வீட்டு வாசலில் இரண்டு மீனை வைத்துவிட்டுப் போவானாம். இவனுக்குத் துடுப்பு கொடுக்கலாம் என்று முதலில் சொன்னதே முத்தம்மாதானாம்.

"நீதான எய்தின?" என்றாள் நீலா. மரக்கலநம்பி யார் என்று அவளிடம் மட்டும் நான் சொல்லியிருந்தேன். "நீ வந்து சொல்லு. நாந்தான் புளுகுனேன், நீலா சொன்ன கத வேறன்னு சொல்லு. ஞாயித்துக்கெயம பஞ்சாயத்து கூடுது."

வேலை போகுமே என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் காலருகே தொங்கிய வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் அந்த நினைப்புக்கே கூசியது. வருகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளம்பி, கையெழுத்துப் பிரதி மொத்தத்தையும் ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மணி வெயில். கல்லுக்கு எதிரே கீற்றுப்பந்தலில் குப்பம் கூடியிருந்தது. அங்கே ஒரு நாற்காலியில், கழுத்தில் மாலையோடு, ஆறுமுகநயினார். அம்மனுக்கு மண்டபம் கட்ட அடிக்கல் பற்றிப் பேச வந்திருந்தாராம். என்னைப் பார்த்ததும் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்று சொன்னேன். மரக்கலநம்பி நான், தீக்குளித்தது என் கற்பனை, சாம்பலில் பிள்ளை வந்ததும் என் கற்பனை, உங்கள் அம்மன் இன்னொருவனைக் கட்டிக்கொண்டு நாலு பிள்ளை பெற்றவள், இது நீங்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. எல்லாம் சொன்னேன். கூட்டம் என்னையே பார்த்தது. அதில் கோபம்கூட இல்லை. பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

சுப்புராயன் மெதுவாகக் கேட்டார். "நீ வேதக்கார அம்மா. எங்க அம்மனப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? உங்க சாமியாரு சொல்லி வந்தியா?"

"நான் எழுதினதுன்னு சொல்லுதேன். இந்தா கையெழுத்து." காகிதங்களை நீட்டினேன். "அண்ணாச்சியக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

எல்லாத் தலையும் ஆறுமுகநயினார் பக்கம் திரும்பியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. "மரக்கலநம்பி ஐயா தஞ்சாவூர்ல இருக்காக," என்றார். "டீச்சரம்மா எங்க பத்திரிகைக்குப் பிழை திருத்திக் குடுப்பாங்க. நல்லவங்க. கொஞ்ச நாளா உடம்பு சரியில்லாம இருக்காங்க, பாவம்."

அதோடு விடாமல் தன் மேல்துண்டை எடுத்து நாற்காலியில் விரித்து, "உக்காருங்கம்மா," என்று எனக்கு இடம் கொடுத்தார். அந்தத் துண்டில் அடித்த புளி வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அந்த ஆளின் முகத்தில் துப்பியிருக்கவேண்டும். துப்பவில்லை. நாற்பது வருஷ வளர்ப்பு.

"சரி," என்றேன். "அம்மன் பிள்ளை இல்லாம எரிஞ்சு போனான்னா, நீங்க எல்லாரும் யாரு வயித்துல பொறந்தீங்க?"

இதற்கு அவர்களால் பதில் சொல்லமுடியாது என்று நினைத்தேன். சுப்புராயன் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குச் சிவப்புப் பட்டில் உறை தைத்திருந்தார்கள். கைபட்டு அழுக்கேறிய ஒரு பக்கத்தைத் திறந்து, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தார். அவர் நீட்டி முழக்கிப் படித்தார். சாம்பல், அலை, நாலு குழந்தைகள். என் வாக்கியங்கள். அடைமொழி ஒன்றும் விடாமல், நான் எழுதியபடியே. பந்தலில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முத்தம்மாவும் போட்டுக்கொண்டாள்.

"கேட்டியா?" என்றார் சுப்புராயன். "நாங்கோ வயித்துல பொறந்தவங்கோ இல்ல."

அப்போதுதான் நீலா எழுந்தாள். வெள்ளைப் புடவையில், புருஷனின் துடுப்போடு. அதை எங்கே மறைத்து வைத்திருந்தாளோ தெரியாது. யாரையும் பார்க்காமல் கூட்டத்துக்குள் நடந்து, கட்டுமரத்தில் சாய்ந்து நின்ற ராமதாஸ் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் துடுப்பை நீட்டினாள்.

"வாங்கிக்கோ," என்றாள். "மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஒருவரும் தடுக்கவில்லை. அவளை யாரும் தொடவே பயந்தார்கள். வாங்கிக்கொண்டிருந்தால் முடிந்தது. வாங்கியவனை அந்தக் குப்பத்தில் எந்தப் பஞ்சாயத்தும் பிரித்ததில்லை, அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. அவன் கை கொஞ்சம் எழுந்ததை நான் பார்த்தேன். பிறகு அவன் கண் அவளைத் தாண்டி ஆரஞ்சு பூசிய கல்லுக்குப் போனது. கை இறங்கிவிட்டது. "வாணா தாயே," என்றான்.

தாயே என்று சொன்னான் பாருங்கள். ஒரு வருஷமாக அவள் வாசலில் மீன் வைத்தவன்.

நீலா துடுப்பை மணலில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். மறுநாள் காலை ரயிலில் ராயபுரம் வந்து என் கதவைத் தட்டினாள். பழைய பச்சைப் புடவை கட்டியிருந்தாள். அங்கே இனி போகமாட்டேன் என்றாள். என் கூடப்பிறந்த அண்ணன் மூலமாகத் தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கில் கிழிந்த கோணிச்சாக்குத் தைக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். அங்கேயே பின்பக்கச் சந்தில் ஓர் அறை. சாக்குத் தூசியில் இருமினாள், ஆனால் சாப்பிட்டாள், தூங்கினாள். உடன் வேலை செய்யும் பெண்களோடு வாயடித்தாள்.

குப்பத்தில் என்ன நடந்தது தெரியுமா? நீலா ரயிலேறிய அன்று விடியற்காலை அவள் தீச்சட்டியைக் கையில் ஏந்தி, சிரித்த முகத்தோடு கடலில் இறங்கியதைத் தன் கண்ணால் கண்டதாக ராமதாஸ் சொன்னான். கழுத்தளவு தண்ணீரிலும் சட்டி அணையவில்லையாம். பொய் சொன்னானா, கண்டதாகவே நம்பினானா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. நாற்பதாம் நாள் பழைய கல்லுக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கல் நட்டார்கள். அதற்குப் பூசாரி ராமதாஸ். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, காவி கட்டி, வருகிறவர்களுக்கு விபூதி கொடுத்தான்.

ஆறுமுகநயினார் ஆள் அனுப்பினார். இரண்டாம் பாகம் வேண்டுமாம், இந்தக் காலத்துத் துடுப்பாயி என்று. அனுப்பிய ஆளைப் படியிலேயே நிறுத்தித் திருப்பினேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அடுத்த மாதமே இரண்டாம் பாகம் வந்தது. மரக்கலநம்பி நான் இல்லாமலே எழுதினார். நடை அப்படியே என் நடை. மணலை அள்ளி அள்ளிப் போடுகிற கைகூட இருந்தது.

இதை நிறுத்த ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது. யாராவது ஒருவர் நீலாவை உயிரோடு பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லவேண்டும். நான் சொன்னால் எடுபடாது. நீலா நேரில் போனால் என்ன செய்வார்களோ என்று பயம். முத்தம்மா ஒருத்தி பார்த்தால் போதும். சோறு ஊட்டியவள், துடுப்பு கொடுக்கச் சொன்னவள். அவள் வாய் திறந்தால் குப்பம் கேட்கும். நீலாவும் அதைத்தான் சொன்னாள். "அத்தே என்னப் பாத்தா போறும். ஒரே அயுகையா அயுதுட்டு, அங்க போய் எல்லார் வாயையும் கியிச்சுடும்." மாமியாரைப் பார்க்கப்போகிறோம் என்று அவளுக்கு அத்தனை ஆசை. முந்தின நாள் தலைக்குக் குளித்தாள்.

மகன் வகையில் ஒரு சேதி இருக்கிறது என்று சொல்லி முத்தம்மாவை ரயிலேற்றிக் கூட்டிவந்தேன். அவளும் இப்போது வெள்ளைதான் கட்டியிருந்தாள். நெற்றி நிறைய விபூதி. வழியெல்லாம் மருமகளின் கல்லுக்கு வெள்ளிக்கிழமை எத்தனை கூட்டம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது என்று இருந்தேன்.

கிடங்கில் பகல் சாப்பாட்டு நேரம். பெண்கள் சாக்கு அடுக்கின் நிழலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீலா தலையெல்லாம் சணல் தும்போடு, மடியில் தூக்குச்சட்டி, கையில் நெத்திலிக் குழம்பு பிசைந்த சோறு. எங்களைப் பார்த்ததும் வாயில் சோற்றோடு சிரித்தாள்.

"அத்தே," என்றாள்.

முத்தம்மா அப்படியே நின்றாள். முகத்தில் ஏதோ ஒன்று வந்துவிட்டது, தெரிந்துகொண்டுவிட்டாள், அவள் பேரைச் சொல்லப்போகிறாள் என்று நான் நினைத்தேன். மெய்யாகவே நினைத்தேன். அடுத்த கணம் அந்தப் புழுதியில், சணல் தும்பு மேல், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"தாயே, வந்துட்டியா, எனக்கு காட்சி குடுத்துட்டியா," என்று தரையைப் பார்த்தே பேசினாள். "என் சின்ன மவன் போன மாசத்துலேர்ந்து சும்மாவே திரும்பறாம்மா. வலையில ஒண்ணும் படல. கண்ணத் தொறந்து பாரு தாயே."

"அத்தே, எந்திரி," என்றாள் நீலா. இடது கையால் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "நாந்தான். நீலா. சோறு துன்னுகினு கீறேன், பாரு. நெத்திலி கொயம்பு. நீ ஊட்டி வுட்டியே, அந்த வாயிதான். பாரு அத்தே." பிசைந்த சோற்றுக் கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள்.

முத்தம்மா அந்தக் கையைப் பார்த்தாள். மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குவித்து, நீலாவின் விரல்களில் ஒட்டியிருந்த எச்சில் சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்து எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு, மீதியை முந்தானையில் முடிந்தாள். பூசாரி ராமதாஸுக்குப் பிரசாதமாகக் கொடுக்கவேண்டும் என்று என்னிடம் சொன்னாள்.